கணவாயில் ஒன்றரை மணி

தம்பி, அந்தப் பக்கம் இருக்காதேங்கோ. இஞ்சால வாங்கோ. அங்க இருந்தா வெய்யில் கண்ணுக்க குத்தும், ஒரு மலையும் தெரியாது. ஓம், இதில இருங்கோ. தமிழ்தானே? கீழ ரிக்கற் எடுக்கேக்க ஃபோனில கத்தினியள், அப்பவே விளங்கிட்டுது. இந்தியாவோ? சென்னை? ம். பனி பாக்க வந்திருப்பியள். ஓகஸ்ற் மாசத்தில பனி எங்க கிடக்கு? மேல ஒரு மூலையில அழுக்காக் கொஞ்சம் கிடக்கும். அதில ஏறி நிண்டு படம் எடுத்துப்போட்டு இறங்குங்கோ. எல்லாரும் அதைத்தான் செய்யினம்.

இந்தக் கேபிள் காரில மேல போக இருபத்திரண்டு நிமிஷம். நடுவில ஒருக்கா பெட்டி மாறோணும். நான் சொல்லுவன், அப்ப எழும்புங்கோ.

உதில கீழ பாருங்கோ. அந்தப் பாறைக்குப் பக்கத்தால சிவப்பும் பச்சையுமா ஒரு நிரை போகுது, தெரியுதே? ஆடில்லைத் தம்பி. மனிசர். விடிய ஆறரைக்கு எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தடியில வெளிக்கிட்டவை. இந்த மலையைச் சுத்தி, அந்தப் பக்கத்தால ஏறி, மேல கணவாயைக் கடந்து, மற்றப் பக்கத்தால இறங்கித் திரும்பவும் அதே பள்ளிக்கூடத்தடிக்கு வருவினம். முப்பத்திநாலு கிலோமீற்றர். ஏத்தம் மட்டும் ரெண்டாயிரத்து நானூறு மீற்றர். எதுக்கு எண்டு கேளுங்கோ. ஒண்டுக்குமில்லை! வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வாறதுக்கு!

எங்கட சனமும் மலை ஏறினதுதான். ஒரு நேர்த்திக்கடன் வைச்சு ஏறுவினம். பிள்ளைக்குச் சுகம் வரோணும், கலியாணம் சரிவரோணும், ஏதோ ஒண்டு. இவைக்கு ஒரு நேர்த்தியுமில்லை. ரெண்டு கையிலயும் ரெண்டு தடி, முதுகில தண்ணிப் பை, அதில இருந்து வாய்க்கு ஒரு குழாய். பசிச்சா ஒரு சின்னப் பைக்கற்றைக் கிழிச்சுப் பசை மாதிரி ஒண்டை உறிஞ்சுவினம். நான் ஒருக்கா நக்கிப் பாத்தனான். சீ! இருமல் மருந்து அதைவிடத் திறம்.

கையில கட்டியிருக்கிற பட்டியைப் பாக்கிறியள். ஓமோம், அதிலதான் எழுதிக் கிடக்கு, கட்டுப்பாட்டு அலுவலர் எண்டு. நாலு வருசமா மேல கணவாயில நான்தான் கட்டுப்பாடு. இந்த ஊரில அம்பது தமிழ்க் குடும்பம் இருக்கு. ஓட்டப் போட்டிக் கமிற்றியில பட்டி குடுத்தது ஒருத்தனுக்குத்தான். பஞ்சலிங்கத்துக்கு. எனக்கு. ஏன் தெரியுமே? நேரம். எங்கட ஆக்களுக்கு நேரம் எண்டா என்னெண்டு தெரியாது. பிறந்தநாளுக்கு ஆறு மணிக்கு வரச்சொன்னா எட்டரைக்கு வருவினம், வந்து, சாப்பாடு ஆறிப்போச்சு எண்டு முகத்தைச் சுளிப்பினம். நான் அப்பிடியில்லை. முப்பத்துமூண்டு வருசமா ஹொட்டேல் கிச்சினில ஒரு நாள் பிந்தினதில்லை. கமிற்றித் தலைவர் ஹெர் குன்ட்ஸ் எல்லாருக்கும் முன்னால சொன்னவர், லிங்கம் சுவிஸ்காரனைவிடச் சுவிஸ்காரன் எண்டு.

வேலை என்னெண்டா, இவை மத்தியானம் ஒண்டரைக்கு முதல் கணவாயைக் கடக்கோணும். பிந்தி விட்டா அந்தப் பக்கம் இறங்கேக்க மழை பிடிக்கும், இருட்டும், ஹெலிகொப்ரர் அனுப்போணும். அதால ஒண்டரை எண்டா ஒண்டரை. அதுக்குப் பிறகு வாறவையின்ர நெஞ்சில குத்தியிருக்கிற நம்பரை வாங்கி, கத்தரிக்கோலால ஒரு மூலையை வெட்டி, கேபிள் காரில ஏத்திக் கீழ அனுப்போணும். சிலபேர் அழுவினம். ஒருத்தன் என்ர காலைப் பிடிச்சவன், ஸ்ருட்கார்ட்டில பெரிய கொம்பனி நடத்திறவனாம். நான் வெட்டினனான். டக்.

உங்களுக்குச் சிரிப்பு வருது. சிரியுங்கோ. போன வருசம் என்ர மனிசியின்ர நம்பரையும் வெட்டினனான்.

ஏன் சிரிப்பு நிண்டு போச்சு?

விமலேஸ்வரி எண்டு பேர். ஐம்பத்தாறு வயசு. அதே ஹொட்டேலில லோண்ட்றியில வேலை, இருபத்திரண்டு வருசமா. சீனி வருத்தம் தொடங்கீட்டுது, நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர். சரி, நட. ஆர் வேண்டாமெண்டது? ஆத்தங்கரையால கோயிலடி மட்டும் போய் வா. எங்கட பொம்பிளையள் நாலுபேர் அப்பிடித்தான் போகினம், மெல்லமாக் கதைச்சுக்கொண்டு. இவ தனியப் போனா. பேந்து கெதியாப் போனா. பேந்து ஒரு நாள் பாக்கிறன், ஓடுறா. காற்சட்டையோட! மகள் ஆரணி சூரிச்சில இருந்து சப்பாத்து வாங்கி அனுப்பியிருக்கிறாள், செம்மஞ்சள் நிறத்தில. எனக்கு றோட்டால போக வெக்கமாப் போச்சு. தமிழ்க் கடையில ஒருத்தன் கேக்கிறான், “என்ன அண்ணை, அக்கா ஆருக்குப் பயந்து ஓடுறா?” கடை முழுக்கச் சிரிக்குது. நானும் சிரிச்சனான், வேற என்ன செய்யிறது?

வீட்டை வந்து கேட்டன், “உனக்கென்ன விசரே?”

அவ உடுப்பு மடிச்சுக்கொண்டு சொல்லுறா, “இஞ்சருங்கோ, இருபத்திரண்டு வருசமா அந்த லோண்ட்றி யன்னலால இந்த மலையின்ர ஒரு பக்கத்தைத்தான் பாக்கிறன். அங்கால போட்டு வாறவையின்ர சேத்து உடுப்பும் துவாயும்தான் எனக்கு வருது. அங்கால என்ன கிடக்கு எண்டு ஒருக்கா நான் போய்ப் பாக்கோணும். சுத்தி வரோணும்.”

“ஆசையெண்டா கேபிள் காரில போ. வேலை செய்யிற ஆக்களுக்குச் சும்மா விடுவாங்கள்.”

“கேபிள் காரில போனா மேலதான் போகலாம். சுத்தேலாது.”

என்ன கதை, பாருங்கோ. அங்கால என்ன கிடக்கு? இதே கல்லு, இதே மாடு. நான் சொன்னன், நீ பாதியில விழுந்து கிடப்பாய், உன்னைக் காவிக்கொண்டு வர நாலு பேர் வேணும், என்ர மானம் போகும் எண்டு. அடுத்த கிழமை அவ போட்டிக்குப் பதிஞ்சிட்டா. ஒண்டரை வருசம் ஓடிப் பழகினவ. விடிய நாலரைக்கு எழும்பி, எனக்குத் தேத்தண்ணி போட்டு மூடி வைச்சிட்டுப் போவா. அந்தத் தேத்தண்ணி நான் எழும்பேக்க ஆறிப்போய்க் கிடக்கும். அதைப்பற்றி எத்தினை தரம் சொன்னனான் தெரியுமே?

எழும்புங்கோ, எழும்புங்கோ. இதிலதான் மாறோணும். பையை எடுங்கோ. கெதியா! கதவு பாத்துக்கொண்டு நிக்காது. … இந்தப் பெட்டி. ஏறுங்கோ. ஆ, நல்ல காலம், நாங்கள் ரெண்டு பேரும்தான். போன பெட்டியில அந்த ஜெர்மன்காரக் கிழவி என்னையே பாத்துக்கொண்டிருந்தவ, சத்தமாக் கதைக்கிறன் எண்டு. கதைச்சா என்ன? இது என்ன ஆசுப்பத்திரியே?

எங்க விட்டனான்? ஓம், போன வருசம். விடியவே நான் மேல போட்டன். அண்டைக்கு மேல சரியான குளிர், காத்து. கமிற்றி ஒரு பெரிய மணிக்கூடு தந்தது, பற்றறியில ஓடுறது. பன்ரெண்டு மணிபோல அது நிண்டு போச்சு. எனக்கென்ன, என்ர கையில மணிக்கூடு இருக்கு. ஆனா என்ர மணிக்கூடு ஏழு நிமிஷம் முந்தி ஓடும். பழுதில்லை, நான்தான் அப்பிடி வைச்சிருக்கிறன். வேலைக்குச் சேர்ந்த மூண்டாம் நாள், நாலு நிமிஷம் பிந்திப் போனனெண்டு செஃப் எல்லாருக்கும் முன்னால என்ர ஏப்ரனைக் கழட்டச் சொன்னவன். திரும்பக் கட்டச் சொல்லும் மட்டும் ஒரு மணித்தியாலம் மூலையில நிண்டனான். அண்டைக்குப் பின்னேரம் முள்ளைத் திருப்பி வைச்சது. நானே பாத்துக் கழிச்சுக்கொள்ளுவன், அது பழக்கம். என்ர வீட்டு ஆக்களுக்கும் தெரியும்.

அப்ப, என்ர மணிக்கூட்டில ஒண்டு முப்பத்தொண்டு. ரெண்டு பிரெஞ்சுப் பெட்டையள் வருகினம். ஏழைக் கழிச்சன், ஒண்டு இருபத்திநாலு. போங்கோ பிள்ளையள் எண்டு விட்டன். தேத்தண்ணியும் குடுத்தன்.

ஒண்டு முப்பத்திநாலு. கீழ வளைவில செம்மஞ்சள் சப்பாத்துத் தெரியுது.

நான் சத்தியமா நினைக்கேல்லை, தம்பி. வருவா எண்டு நினைக்கவே இல்லை. பத்து மணிபோல எங்கயாவது ஒரு கொட்டிலில இருந்து கோல் வரும், உங்கட மனிசி இஞ்ச இருக்கிறா, வந்து கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு, அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு நிண்டனான். ஃபோனைக் கையிலயே வைச்சிருந்தனான். இவ வாறா! முழங்கால் ஒண்டு உரஞ்சி ரத்தம் காய்ஞ்சு கிடக்கு, முகம் முழுக்கப் புழுதி, தலைமயிர் கலைஞ்சு போய். ஆனா ஓடி வாறா. நடக்கேல்லை. என்னைக் கண்டிட்டுச் சிரிக்கிறா. முப்பத்தஞ்சு வருசத்துக்கு முதல், பொம்பிளை பாக்கப் போன அண்டைக்கும் அவ அப்பிடிச் சிரிக்கேல்லை.

பக்கத்தில சூப் ஊத்திற சுவிஸ் மனிசியள் ரெண்டு பேர் கை தட்டீனம். “லிங்கம், உன்ர மனிசி! உன்ர மனிசி!” எண்டு துள்ளீனம். அங்க நிண்ட அத்தினை பேரும் என்னைத்தான் பாக்கினம், நான் என்ன செய்யப்போறன் எண்டு.

நான் மணிக்கூட்டைக் காட்டி ஜெர்மனில சொன்னன், “நேரம் முடிஞ்சுது.”

அவவுக்கு முதல் விளங்கேல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, “இஞ்சருங்கோ, உங்கட மணிக்கூடு ஏழு நிமிஷம் முந்தியெல்லே?” எண்டா. தமிழில, மெல்லமா, மற்றவைக்குக் கேக்காமல்.

“கட்டுப்பாட்டுக்காரன்ர நேரம்தான் நேரம்” எண்டன். கத்தரிக்கோலை எடுத்தன். அவ நம்பரைத் தானே கழட்டித் தந்தா. ஒரு ஊசி விரலில குத்தீட்டுது. நான் வெட்டினன்.

இல்லை, நீங்கள் சொல்லுங்கோ. விட்டிருந்தா என்ன கதை வந்திருக்கும்? தன்ர மனிசியெண்டபடியா விட்டிட்டான், தமிழன் தமிழன்ர வேலையைக் காட்டிட்டான் எண்டு சொல்லமாட்டினமே? நாலு வருசமாக் கட்டின பேர்! ஒரு நிமிஷத்தில போயிடும். கண்டிப்பெண்டா கண்டிப்பா இருக்கோணும். எங்கட ஆக்களில இதுதான் குறை, தங்கட ஆளெண்டா வளைச்சு விடுவினம்.

பேந்து டொக்டர் வால்டர் வந்தவர். இந்த ஊரில பல்லுப் புடுங்கிறவர், எழுபது வயசு இருக்கும், அவரும் ஓடுறவர். என்ர மணிக்கூட்டில ஒண்டு முப்பத்தாறு. “இன்னும் ஒரு நிமிஷம் இருக்குது, லிங்கம்!” எண்டு கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் வழி விட்டன்.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? அந்த மனுசன் முப்பது வருசமா இஞ்ச வேலை செய்யிறவர், அவருக்கு நேரம் தெரியாதே? அவர் ஒரு நிமிஷம் இருக்கெண்டா இருக்கும்தானே. கழிச்சுப் பாத்தாலும் சரிதான், ஒண்டு இருபத்தொன்பது.

ஓம். கழிச்சுத்தான் பாத்தனான். அவருக்கும் கழிச்சனான், அந்தப் பெட்டையளுக்கும் கழிச்சனான். அவவுக்கு ஏன் கழிக்கேல்லை எண்டுதானே கேக்கிறியள்? கேக்காதேங்கோ. இந்தியாவில இருந்து வந்து பனி பாக்கப் போற ஆளுக்கு உது தேவையில்லை.

அவ பக்கத்திலதான் நிண்டு எல்லாத்தையும் பாத்துக்கொண்டு நிண்டவ. வால்டர் போனதையும் பாத்தா. நான் ஒரு கதிரையைக் காட்டி, “அதில இரு, கேபிள் கார் ரெண்டு மணிக்கு” எண்டன். அவ இருக்கேல்லை. குனிஞ்சு சப்பாத்து நாடாவை இறுக்கினா. ஒரு கோப்பை சூப்பை வாங்கி ஒரே இழுவையில குடிச்சா. பேந்து அங்கால பக்கம் இறங்கத் தொடங்கீட்டா!

“விமலா! நம்பர் இல்லாமல் போகேலாது!” எண்டு கத்தினன். சனம் பாக்குது, கோதாரி.

திரும்பிப் பாத்துச் சொல்லுறா, “நம்பர் இல்லாத ஆளை மறிக்க உங்களுக்கு உரிமையில்லை.” ஜெர்மனில! எனக்கு இண்டைக்கும் அந்த வசனம் சரியாச் சொல்ல வராது. லோண்ட்றியில நிண்டவ இலக்கணம் பிழைக்காமல் சொல்லீட்டு இறங்கிப் போறா. சூப் மனிசியள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கினம்.

நான் மூண்டரைக்குக் கேபிள் காரில கீழ வந்திட்டன். அஞ்சு மணிக்குப் போட்டி முடிஞ்சுது. முடிச்சவைக்கு ஒரு மாட்டு மணி குடுப்பினம், சின்னது, பித்தளை. மாட்டின்ர கழுத்தில கட்டிறதை மனிசரின்ர கழுத்தில கட்டிவிடுவினம், அவையும் பல்லைக் காட்டிக்கொண்டு போவினம். அஞ்சேகால், அஞ்சரை. ஓட்டம் முடியிற இடத்து வளைவு கழட்டியாச்சு, கொடியள் சுருட்டியாச்சு. நான் அவவுக்காண்டி நிக்கேல்லை. சனம் இருந்த வாங்குகள் அடுக்கிறதுக்கு ஆளில்லை, அதுக்குத்தான் நிண்டனான். அடுக்கின வாங்கைத் திரும்பவும் இறக்கி அடுக்கினனான், சரியா இருக்கேல்லை எண்டு.

அஞ்சு நாப்பதுக்கு வந்தா. ஒரு காலை இழுத்து இழுத்து, ஆனா ஓட்டம்தான். வளைவு நிண்ட இடம் மட்டும் வந்து, அந்தக் கோட்டைத் தாண்டி, நிண்டா. கைதட்ட ஒருத்தருமில்லை, சாமான் ஏத்திற ரெண்டு பேர் தூரத்தில நிண்டு பாத்தவை. நான் கிட்டப் போய், “வா, வீட்டை போவம்” எண்டன். என்னைச் சுத்திக்கொண்டு போட்டா. வீட்டை போய் நான் சுடுதண்ணியில உப்புப் போட்டு வைச்சன். ரெண்டு கால்விரல் நகம் கறுத்துப் போச்சு. காலை வைச்சா. அங்கால பக்கத்தில என்னதான் கிடக்கு எண்டு கேட்டன். துவாயை எடுத்துக் காலைத் துடைச்சுக்கொண்டு எழும்பிப் போட்டா.

மூண்டு நாள் போய், புதன்கிழமை பின்னேரம் கதவு மணி அடிக்குது. ஹெர் குன்ட்ஸும் வால்டரும். குன்ட்ஸின்ர கையில ஒரு மாட்டு மணி. அந்தப் பல்லுப் புடுங்கி போய்ச் சொல்லியிருக்கு, தனக்கு முன்னால வந்த தமிழ் மனிசியை நிப்பாட்டிப்போட்டுத் தன்னை விட்டவை, தன்ர மணிக்கூட்டில அப்ப ஒண்டு இருபத்தொன்பதுதான் எண்டு. பாருங்கோ, நல்லது செய்தா உதுதான். அந்தாளை நிப்பாட்டியிருக்கோணும்!

பட்டி போச்சு எண்டுதான் நினைச்சன். குன்ட்ஸ் அவவைப் பாத்து, “ஃபிராவ் விமலேஸ்வரி, எங்கட பக்கம் பிழை நடந்திருக்கெண்டு நினைக்கிறம். நீங்கள் சுத்தி முடிச்சதைக் கண்டவை இருக்கினம். இது உங்கட மணி” எண்டு நீட்டினார்.

அவ மணியைப் பாத்தா. தொடேல்லை. என்னையும் பாக்கேல்லை. “நான் பிந்தித்தான் வந்தனான். அவர் நிப்பாட்டினது சரி” எண்டா.

கேட்டியளே! அவவின்ர வாயாலயே! வால்டர் ஏதோ சொல்ல வெளிக்கிட்டார். “நீங்கள் எனக்குப் பிறகு வந்தனீங்கள் டொக்டர், உங்களுக்குத் தெரியாது” எண்டு அவரையும் இருத்திப்போட்டா. குன்ட்ஸ் எழும்பி வந்து என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினார். சொந்த மனிசியையே நிப்பாட்டின ஆள் எண்டு. மணியைத் திரும்பக் கொண்டு போட்டினம்.

கதவைச் சாத்திப்போட்டு வந்து சொன்னன், “கண்டியே? கடைசியில நான் சொன்னது சரியெண்டு நீயே ஒத்துக்கொண்டிட்டாய்.”

அவ மேசையில கிடந்த தேத்தண்ணிக் கோப்பையளை எடுத்துக்கொண்டிருந்தவ. கீழ வைச்சா.

“நீங்கள் செய்தது பிழையெண்டு அவைக்குத் தெரிஞ்சா, அடுத்த வருசம் அந்தப் பட்டியை வேற ஆருக்கும் குடுத்திடுவினம்” எண்டா. “அங்க நீங்கள்தான் நிக்கோணும். நீங்கள் பாத்துக்கொண்டு நிக்க நான் கடந்து போகோணும்.”

நான் என்ன சொன்னனான்? “விசர்க்கதை கதையாதை” எண்டன். வேற என்ன சொல்லுறது? அண்டையில இருந்து வீட்டில சமைக்கிறா, உடுப்புத் தோய்க்கிறா, கேட்டதுக்குப் பதில் சொல்லுறா. எல்லாம் நடக்குது. இஞ்சருங்கோ எண்டு கூப்பிடுறது மட்டும் இல்லை. ஒரு வருசமா ஒருக்காக் கூட இல்லை. நான் அடுத்த அறையில இருந்தா வந்து வாசலில நிப்பா, நான் நிமிர்ந்து பாக்கும் மட்டும்.

இண்டைக்குத்தான் தம்பி அது. விடிய ஆறரைக்கு வெளிக்கிட்டிட்டா, நம்பர் இருநூற்றிப் பதினேழு. வரமாட்டா எண்டுதான் நான் நினைக்கிறன். போன வருசத்தைவிட ஒரு வயசு கூடிப்போச்சு, முழங்காலும் நோகுதெண்டு மகளுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. ஆனா ஒன்பது மணிக்கு முதலாவது தண்ணிக் கொட்டிலுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டனான். போன வருசத்தைவிட முப்பத்தெட்டு நிமிஷம் கெதியாப் போட்டாவாம்.

அந்தா, மேல வந்திட்டுது. குளிரும், சட்டையைப் பூட்டுங்கோ. பனி இடப்பக்கமாப் போகோணும், கேட்டுக்கேட்டுப் போங்கோ. இல்லை, பொறுங்கோ. உங்களுக்கு அவசரமில்லையெண்டா ஒண்டரை ஆகும் மட்டும் என்னோட வந்து நில்லுங்கோ. சூப் வாங்கித் தாறன். பிந்தி வாறவைக்கு என்ன சொல்லோணும் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். அவ நேரத்துக்கு வந்திட்டாவெண்டா, நான் அவவின்ர முகத்தைப் பாக்கோணும்.